மூக்கு அடைத்த வண்டிகள்

மதியச் சங்கு ஊதினால் உப்பங்கழி நகரில் யாரும் ஓடமாட்டார்கள். ஓடினால் வேர்க்கும். வேர்த்தால் காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிரவைக்காது, உள்ளேயே வேகவைக்கும். இதை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. வெயில் இப்படி ஏறிய முதல் இரண்டு கோடைகளில் செத்தவர்கள் சொல்லித்தந்துவிட்டுப் போனார்கள். அதனால் சங்கு கேட்டதும் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, பேச்சைக் குறைத்து, கொட்டகையைப் பார்த்து நடப்பார்கள்.

கொட்டகை என்பது ஒரு காலத்தில் மீன் ஏலம் விட்ட தகரக் கூடம். இப்போது அதற்குள் வாசலிலிருந்து மூலைவரை ஒரே வரிசையாகப் பழைய பெட்ரோல் கார்கள். மின்சார வண்டிகள் வந்தபின் வசதியுள்ளவர்கள் கழித்துக்கட்டியவை. அரசுத் துறை அவற்றை வாங்கி, சக்கரங்களைக் கழற்றி, கருங்கல்லின் மேல் உட்காரவைத்து, ‘குளிர்நிழல்’ என்று பெயர் சூட்டி வாரியக் குடியிருப்புகளுக்குக் கொடுத்தது. மதியமானால் கரண்ட் முழுவதும் விலை கொடுக்க முடிந்த பக்கம் போய்விடும். வாரிய வீட்டில் மின்விசிறிகூடச் சுற்றாது. அப்போது ஜனங்கள் இந்தக் கார்களில் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, வெயில் தணியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லா வண்டியின் புகையும் ஒரே பெருங்குழாயில் சேர்ந்து கூரைக்கு மேலே போகும். போவதாகத்தான் திட்டம். உப்புக்காற்று அந்தக் குழாயைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது.

நின்ற இடத்தில் கார் ஓடினால் உள்ளே இருப்பவன் செத்துப்போவான் என்று துறைக்கும் தெரியும். அதற்கு ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டியின் புகைக்குழாயிலும் ஓர் ஆக்சிஜன் சென்சார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மோந்து பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பெட்ரோல் அதிகமாகி விஷப்புகை வருகிறதென்றால் கம்ப்யூட்டர் இன்ஜினை அணைத்து நாலு கதவையும் திறந்துவிடும். ஜனங்கள் அதை மூக்கு என்றார்கள்.

அந்த மூக்குகளைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பது பியூலாவின் வேலை. ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தவள். அவள் வம்சத்தில் முதல் டிகிரி அதுதான். பெட்ரோல் இன்ஜினைப் பற்றி ஊன்றிப் படித்துப் பாஸானபோது பெட்ரோல் இன்ஜினே செத்துவிட்டிருந்தது. அவள் போன இன்டர்வியூ எதிலும் இன்ஜினைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த ஏரியா, அப்பா என்ன பண்றார் என்றுதான் கேட்டார்கள். கடைசியில் அவளுடைய சொந்த ஏரியாவிலேயே, ஒப்பந்தக் கம்பெனியின் கீழ், மூக்கு துடைக்கிற வேலை கிடைத்தது. “இதுக்கு எதுக்கும்மா டிகிரி” என்று அவளே அம்மாவிடம் எரிந்து விழுந்திருக்கிறாள்.

அன்று வெயில் தணிந்து எல்லாரும் இறங்கிய பிறகும் மூலை வண்டியிலிருந்து தேவகி இறங்கவில்லை.

அவள் மட்டும்தான் அந்த வண்டியில் கடைசிவரை இருந்தவள். கூட இருந்தவர்கள் தலைவலி என்று முன்பே எழுந்துபோய்ப் பக்கத்து வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். இழுத்து வெளியே போட்டபோது தேவகியின் முகம் அடுப்பு முன்னால் உட்கார்ந்தவள்போல் செவசெவ என்றிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. பார்வை இல்லை. வாசலுக்குத் தூக்கிவந்து விசிறிய பிறகு வாந்தியெடுத்தாள். அப்புறம்தான் அவளுக்கு உயிர் இருப்பதையே எல்லாரும் நம்பினார்கள்.

“பித்தம்,” என்றாள் நூர்ஜஹான். மகளிர் குழுத் தலைவி. கொட்டகையின் சாவி அவளிடம்தான். “காலையிலிருந்து வெறும் வயிறு இவளுக்கு. நான் பார்த்தேன்.”

“பித்தம்னா உங்க வண்டியிலயும் வரணும்ல அக்கா. காலையில நீங்களும்தான் துன்னலை,” என்றாள் பியூலா.

அவள் தேவகியைப் பார்க்கவில்லை. மூலை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொம்பளையைச் சாகடிக்கிற அளவுக்கு விஷம் கக்கிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் சீராக, சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மூக்கு அதை அணைத்திருக்க வேண்டும்.

இன்ஜினை நிறுத்திவிட்டு அடியில் படுத்தாள். சென்சாரைச் சூடு ஆறுவதற்குள் கழற்றிவிட வேண்டும், ஆறினால் மரை கவ்விக்கொள்ளும். ஸ்பேனரைப் போட்டு மிதித்துத் திருப்பி, துணியைச் சுற்றி எடுத்தாள். நுனி கன்னங்கரேலென்று இருந்தது. டிரெய்னிங் போகுமுன்தான் இதே மூக்கைத் துடைத்து மாட்டியிருந்தாள். அதற்குள் இவ்வளவு கரி எப்படி? பெட்ரோலில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் நோகாமல் தேய்த்தாள். கரி விட்டது. அதற்கு அடியில் வெள்ளையாக ஒரு தோல். சுண்ணாம்பு பூசிய மாதிரி. தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். அது வரவில்லை.

கரி என்றால் நோய். வெள்ளை என்றால் மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.

வயரைக் கையாலேயே தடவிக்கொண்டு மேலே போனாள். சாக்கெட் இருக்கவேண்டிய இடத்தில் விரலுக்கு மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. சிலிக்கான் கம். வாட்டர் டேங்க் ஓட்டைக்குப் பூசுகிற அதே கம். ஒரு பிசிறு இல்லாமல், சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வழித்தெடுத்த மாதிரி, அவ்வளவு நறுவிசாகப் பூசியிருந்தது. பக்கத்து வண்டியைப் பார்த்தாள். அதிலும் கம். அதற்கடுத்ததிலும். வாசல்வரை ஒன்று விடவில்லை.

“யார் பூசினது இதை?”

“நாங்கதான்,” என்றாள் நூர்ஜஹான், குரலில் பெருமையோடு. “போன புயல்ல தண்ணி பூந்து வண்டி வண்டியா நின்னுச்சே, மறந்துட்டியா? நீ அப்ப டிரெய்னிங் போயிருந்த. குழு காசுல கம் வாங்கி எல்லா வயர் வாயையும் அடைச்சுட்டோம். காத்து இழுக்குற ரப்பர்ல வெடிப்பு இருந்துச்சு, அதுக்கும் பூசிட்டோம். இப்ப ஒரு சொட்டு போவாது.”

“தண்ணி போவாது அக்கா. காத்தும் போவாது.”

“மூக்கு கீழ குழாய்ல இருக்கு. வயருக்கு எதுக்குடி காத்து?”

பியூலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தினால் புரியாது என்று அவளுக்குத் தெரியும். கத்தத்தான் வந்தது.

“அது ரெண்டு காத்தை ஒத்துப் பார்க்குது. ஒண்ணு புகை. இன்னொண்ணு நம்ம வெளிக்காத்து. ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்னுதான் அதுக்குச் சொல்லத் தெரியும். அந்த வெளிக்காத்தை அது எங்கேருந்து எடுக்குது தெரியுமா? வயருக்குள்ள. கம்பிங்களுக்கு நடுவுல இருக்கிற மயிரிழை சந்துல. நீங்க வாயைக் கட்டிட்டீங்க. மூச்சு முட்டிப்போய் அது வித்தியாசமே இல்லைன்னு சொல்லுது. கம்ப்யூட்டர் இன்னா நினைக்கும்? பெட்ரோல் பத்தலைன்னு நினைக்கும். இன்னும் ஊத்தும். ஊத்த ஊத்த விஷம் ஜாஸ்தி. மூக்கோ எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லிக்கினே இருக்கும்.”

நூர்ஜஹானின் முகத்தில் அந்தப் பெருமை எங்கே நின்றுகொள்வது என்று தெரியாமல் தடுமாறியது.

“சரி, பிச்சுப் போட்டுடலாம். இப்பவே பிச்சுடறோம்.”

“பிச்சாலும் இன்னாத்துக்கு? காயறப்போ புளிச்ச வாடை அடிச்சுதா? அதை இன்ஜின் இழுத்து எரிச்சு மணலாக்கி மூக்கு மேலயே படியவிட்டுடுச்சு. இதோ வெள்ளையா. இது போவாது. புதுசுதான் மாத்தணும்.”

வாசலில் தேவகி மறுபடி ஓங்கரித்தாள்.

மறுநாள் காலை கம்பெனியின் மேற்பார்வையாளர் வித்யாதரன் வந்தார். சட்டைக்குள் குளிரூட்டும் பனியன் போட்டிருப்பவர். அது மெதுவாக உறுமிக்கொண்டே இருக்கும். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

“புது சென்சாரா சார்?”

“எங்கம்மா இருக்கு? பண்றவனே ஃபேக்டரியை மூடிட்டுப் போயிட்டான். உலகத்துல எவன் இப்ப பெட்ரோல் வண்டிக்கு பார்ட்ஸ் போடறான்?” பெட்டியைத் திறந்தார். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில், வால் முளைத்த கறுப்புப் பிளக்குகள். “டம்மி. சாக்கெட்ல சொருகிட்டா கம்ப்யூட்டருக்கு எப்பவும் ‘ஆல் ஓகே’ன்னு சிக்னல் போயிட்டிருக்கும். வண்டி நிக்காது.”

“ஆள் செத்தாக்கூட நிக்காது.”

“நெகட்டிவா பேசாதம்மா. சைட் ஓடணும். ஓடலைன்னா துறை திட்டத்தையே வேற ஏரியாவுக்கு மாத்திடும். வண்டியெல்லாம் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்ப உன் ஜனங்க எங்க போவாங்க?”

“உங்க வீட்டுப் புள்ளைங்களை ஒரு மதியம் இதுல உட்கார வைங்க சார். அப்புறம் நான் சொருகறேன்.”

அவர் அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அவளை அவர் மதிக்கவில்லை. பெட்டியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, “படிச்ச பொண்ணு, யோசிச்சுப் பண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பியூலா யோசித்தாள். யோசித்து, வரிசையாக எல்லா வண்டியிலிருந்தும் மூக்குகளைக் கழற்றி வாளியில் போட்டாள். மூக்கில்லாத வண்டியை கம்ப்யூட்டர் கிளப்ப விடாது. இனி யாரும் தெரியாமல்கூடக் கிளப்ப முடியாது. சங்கு ஊதியபோது வாசலில் நின்று எல்லாரிடமும் சொன்னாள். இன்னிக்கு வண்டி இல்லை. அது விஷம். தண்ணித் தொட்டி நிழலுக்குப் போங்க, சாக்கை நனைச்சுப் போத்திக்கங்க, அசையாம கிடங்க.

அவள் சொன்னது சரி. அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஜனங்களும் தேவகியைப் பார்த்தவர்கள், தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

தொட்டித் தண்ணீர் கைவைக்க முடியாமல் கொதித்தது. சாக்கு நனைந்த சூட்டிலேயே காய்ந்தது. நடுவில் நூர்ஜஹானின் கணவர் காதர், சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்டார். நிக்காஹ்வுக்கு நேரமாகிவிட்டதாம். யாருக்கு நிக்காஹ் என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றார். சிலர் சிரித்தார்கள். பியூலா அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். அவருடைய தோல் காய்ந்திருந்தது. அத்தனை பேருக்கும் ஊற்றிக்கொண்டிருந்த வேர்வை அவருக்கு நின்றுவிட்டிருந்தது.

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டாள். மதிய நேரத்தில் ஆட்களை வெளியே அனுப்ப விதி இல்லை, வெயில் தணிந்ததும் வருவோம் என்றது மறுமுனை. வெயில் தணிந்ததும் வந்தார்கள். அதற்குள் காதர் தன் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நூர்ஜஹான் பியூலாவின் வீட்டுக்கு வந்தாள். அழுது முடித்திருந்தாள். கையில் அந்த அட்டைப்பெட்டி. பியூலாவின் அம்மா எஸ்தர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவளை உட்காரவைத்தாள்.

“என்னைத் திட்டிடுங்க அக்கா,” என்றாள் பியூலா. “ரெண்டு அடிகூட அடிச்சிடுங்க.”

“உன்னை எதுக்குடி அடிக்கணும். வயரைக் கட்டினவ நான்.” பெட்டியை அவள் மடியில் வைத்தாள். “இதைச் சொருகு.”

“அக்கா, அது—”

“தெரியும். நீ சொன்னது முழுக்க எனக்குப் புரிஞ்சுது. நான் படிக்கலையே தவிர மண்டை இருக்கு.” அவள் குரல் ஏறவே இல்லை. “வண்டியில உட்கார்ந்தா சாகலாம், சாகாமயும் இருக்கலாம். வெளிய உட்கார்ந்தா என்ன ஆகும்னு நான் பார்த்துட்டேன். அவரு கடைசியில என்னை யாருன்னு கேட்டாரு.”

பியூலா அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அம்மா சொல்லுவாள், ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று பார்த்தாள்.

“சொருகுடி,” என்றாள் எஸ்தர், முறத்தை மறுபடி எடுத்துப் புடைக்கத் தொடங்கியபடி. “வெயில்ல வெந்து சாவுறதுக்கு இது தேவலாம். இது தூக்கம்தானே.”

பியூலாவுக்கு வாழ்க்கையில் எத்தனையோ கோபம் வந்திருக்கிறது. வித்யாதரன்மேல், இன்டர்வியூ எடுத்தவர்கள்மேல், கரண்டை எடுத்துப்போகிற கம்பிகள்மேல். இந்த வார்த்தைக்கு மட்டும் அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. தன் அம்மா இவ்வளவு நிதானமாகச் சாவுகளை எடை போட்டுப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறாள், அதுவும் அரிசி புடைத்துக்கொண்டே.

காலை வெயில் ஏறுமுன் பழைய மூக்குகளை மாட்டி ஓட்டைகளை மூடி, சாக்கெட்டுகளில் டம்மிகளைச் சொருகினாள். எல்லா வண்டியும் ஒரே சாவித் திருப்பலில் கிளம்பியது. ஒன்றிலும் ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. இவ்வளவு ஆரோக்கியமான வண்டிகளை அவள் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

பிறகு கொட்டகை வாசலில் எல்லாரையும் நிறுத்திவைத்துப் பேசினாள்.

“மூக்கு இல்லை. இனிமே நாமதான் மூக்கு. கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி வைக்கணும், ஏசி வீணாப்போனாலும் பரவால்லை. டிரைவர் சீட்ல இருக்கிறவங்க தூங்கக்கூடாது. வாசல் வண்டி முதல்ல ஹாரன் அடிக்கும். ஒரே ஒரு தடவை. அதைக் கேட்டு அடுத்த வண்டி அடிக்கணும். அப்படியே மூலைவரைக்கும் வந்துட்டு, அங்கேருந்து திரும்பிப் போவணும். நிக்கவே கூடாது. யாரு முறையில சத்தம் வரலையோ அந்த வண்டிக்கு எல்லாரும் ஓடணும். விளையாட்டுக்கு ரெண்டு தடவை அடிச்சீங்க, கன்னத்துல அறைவேன்.”

“நீ அறைவ, உன்னை நம்பலாம்,” என்றாள் தேவகி. அவள் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் எல்லாரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

மூலை வண்டியில் ஏற யாரும் தயாரில்லை. தேவகி விழுந்த வண்டி. பெருங்குழாய் அங்கேதான் தொடங்குகிறது, துருவும் அங்கேதான் அதிகம். களிமண்ணையும் கோணியையும் வைத்துப் பியூலா கட்டிப் பார்த்தாள், கட்டு நிற்கவில்லை. ஆனால் அந்த வண்டியை விட்டுவிட்டால் உட்கார இடம் போதாது. ஏற்கெனவே மடியில் மடியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

“நான் போறேன்,” என்றாள் பியூலா. “என் இடத்துல தேவகி உட்காரட்டும்.”

“நானும் வரேன்,” என்றாள் எஸ்தர்.

“நீ வந்தா உன்னையே பார்த்துக்கினு இருப்பேன். பக்கத்து வண்டியில ஸ்டியரிங் முன்னால உட்காரு. எனக்கு முந்தின ஹாரன் உன்னுது. எப்ப இறங்கணும்னு எனக்குத் தெரியும்மா. தலைவலி வரும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும். முதல் அறிகுறியிலயே இறங்கிடுவேன். இதைப் பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவ நான்.”

சங்கு ஊதியது. கதவுகள் மூடின.

முதல் சுற்று சொதப்பியது. நடுவில் யாரோ முறை தெரியாமல் அடித்தார்கள், யாரோ திட்டினார்கள். இரண்டாவது சுற்று பிசகாமல் வந்தது. வாசலில் மெலிதாகக் கிளம்பி, ஒவ்வொரு வண்டியாகத் தாண்டி, ஒவ்வொன்றும் ஒரு குரலில், நூர்ஜஹானுடையது தொண்டை கட்டினாற்போல், அம்மாவுடையது கீச்சென்று, கடைசியில் அவளிடம் வந்து சேர்ந்தது. அவள் அடித்ததும் திரும்பி வாசலை நோக்கிப் போனது. இவ்வளவு ஜனமும் இருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்று அந்தச் சத்தம் சொல்லிக்கொண்டே இருந்தது. பியூலா கண்ணாடி இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டாள். வெளியே இருந்து அடுப்புக் காற்று வந்தது. தலைவலி இல்லை. வயிறும் சரியாகத்தான் இருந்தது.

பயப்பட்ட அளவுக்கு எதுவும் இல்லை என்று பட்டது. துறைக்கு ஒரு மனு எழுதவேண்டும். காதர் பாய் பெயரை அதில் போடவேண்டும். புதுக் குழாய் கேட்கவேண்டும். வித்யாதரன் முகத்துக்கு நேராகப் படித்துக் காட்டவேண்டும். வாக்கியங்கள் தானாக வந்தன, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எளிதாக. எத்தனையோ நாள் கழித்து உடம்பு லேசாக இருந்தது. கோபம் எங்கோ இறங்கிப் போயிருந்தது. கோபம் இல்லாமல் இருப்பது இவ்வளவு சுகமா.

கொட்டாவி வந்தது. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, வரத்தான் செய்யும்.

வாசலில் ஹாரன் கிளம்பியது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று, அடுத்து ஒன்று. தொண்டை கட்டினது. அது நூர்ஜஹான் அக்கா. பிறகு இன்னும் சில. பிறகு மிகக் கிட்டத்தில், கீச்சென்று, அம்மா.

இப்போது தன் முறை. அடித்தாள்.

அடித்த சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. திரும்பிப் போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது போகவில்லை. ஏன் அம்மா அடிக்கவில்லை, தூங்கிவிட்டாளா என்று நினைத்தாள். திட்டவேண்டும் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தபோது தன் கை மடியில் கிடந்தது தெரிந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல். ஹாரனுக்கு எழும்பு என்று அதனிடம் சொன்னாள். அது அவள் சொல்வதைக் கேட்கவில்லை. அதில்கூட அவளுக்குப் பதற்றம் வரவில்லை.

பக்கத்து வண்டியிலிருந்து ஹாரன் மறுபடி அடித்தது. தப்பு, இது உன் முறை இல்லை, ஒரே ஒரு தடவை என்று சொன்னேனே அம்மா என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். அந்தச் சத்தம் நிற்கவில்லை. அழுத்திய கையை எடுக்காமல், முறையும் வரிசையும் பார்க்காமல், கொட்டகைத் தகரம் அதிர அது அலறிக்கொண்டே இருந்தது. அதற்குமேல் எங்கெங்கோ கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது.